விபத்தில்லா ஓட்டுநர்

அமுக்கியாச்சு. இனிமேல் ஆவுடையின் கையில் ஒன்றுமில்லை. அவள் எழுதின கம்ப்யூட்டர் கோடும் டிசைன் பார்க்கிற ஜெரால்டு எழுதின கோடும் சேர்ந்து கிடக்கிற ரெப்போ என்கிற பொதுக் கிடங்கில், மெயின் கிளைக்குள் போய் விழுந்த அந்த நிமிஷமே, எங்கேயோ கண்காணாத ஊரில் இருக்கிற ஹோஸ்டிங்காரனுடைய இயந்திரம் தானாகவே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், பிரித்து, சுருக்கி, கோத்து, வலைத்தளமாக்கி ஊர் பார்க்கத் தொங்கவிட்டுவிடும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஏற ஆரம்பித்துவிட்டன. வெள்ளிக்கிழமை புதுசாக எதையும் ஏற்றாதே, ஏற்றினால் சனி ஞாயிறு உட்கார்ந்து அழணும் என்பது உலகத்துக் கம்ப்யூட்டர்காரர்கள் எல்லாரும் பட்டுத் தெரிந்துகொண்ட விதி. அதெல்லாம் அமெரிக்காவில். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற இந்த ஆபீசில் வெள்ளிக்கிழமை மகாலட்சுமி வருகிற நாள். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் லைவ் போயாக வேண்டும் என்று குற்றாலநாதன் சார் காலையிலிருந்து அவள் பிடரியில் நின்றுகொண்டிருந்தார். எந்தத் தளம் லைவ் போனாலும் பூசணிக்காய் உடைப்பார் அவர். துணிக்கடை, பல் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், எதுவானாலும் பூசணிக்காய். இன்றைக்கும் வாங்கி, தலையில் ஓட்டை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, மூடியைத் திரும்ப வைத்து, ஆவுடையின் மேஜை ஓரத்திலேயே உட்கார்த்தி வைத்திருந்தார். சாம்பல் பூத்த அந்த மொட்டைத் தலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சனியன், நகர்த்திக்கூட வைக்க விடமாட்டார்.

இன்றைக்குத் திறக்கிறது நித்யமல்லி பஸ் சர்வீசுடைய தளம். தென்காசியில் பஸ் ஷெட்டில் பந்தல் போட்டு, பெரிய திரை கட்டி, டிரைவர் கண்டக்டர் கிளீனர் அத்தனை பேரையும் உட்கார வைத்திருக்கிறார்கள். முதலாளி பட்டனை அமுக்கித் திறப்பார் என்றுதான் நேற்று வரை பேச்சு. காலையில் வந்ததும் வராததுமாக சார் சொன்னார், முதலாளிக்கு என்ன பெருந்தன்மை பாத்தியா ஆவுடை, தான் அமுக்கலையாம், வண்டியில ஒரு கீறல்கூட விழாம இத்தனை வருஷம் ஓட்டின டிரைவர் கையால திறக்கணுமாம், விபத்தில்லா ஓட்டுநர்னு பொன்னாடை போர்த்தப் போறாங்களாம், அய்யம்பெருமாள்னு பேரு. அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் கை கீபோர்டின் மேல் நின்றுபோயிற்று. அந்த நேரம் பார்த்து இயந்திரம் வேறு என்னவோ கேட்டது, இவளுடையதும் ஜெரால்டுடையதும் ஓரிடத்தில் முட்டுகிறது, எதை வைக்கட்டும் என்று. எதையோ அமுக்கினாள். அய்யம்பெருமாள். தென்காசியில் இருக்கிற ஆயிரம் பேரில் அந்தப் பெயர் வேறொருவனுக்கும் இருக்கலாம்தானே என்று ஒரு நொடி நினைத்தாள். நித்யமல்லியில் இரண்டு அய்யம்பெருமாளா? போட்டி கிறுக்கி என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். அவன்தான். பகவதி அக்காளுடைய புருஷன். இந்த வேலை ஆபீசுக்கு வந்த அன்றே வாயைத் திறந்து நான் செய்யமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பாரே. அக்காள் இருக்கிற விஷயமே ஆபீசில் யாருக்கும் தெரியாது. குற்றாலநாதன் சார் காதில் ஒன்று விழுந்தால் சாயந்திரத்துக்குள் அது வாட்ஸ்அப்பில் நிற்கும். நல்ல மனுஷன்தான், நல்லது என்று நினைத்தே எல்லாவற்றையும் எல்லாருக்கும் அனுப்புவார். அதனால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் ஓட்டுகிற பஸ்ஸுக்கு டிக்கெட் போடுகிற பக்கத்தைக் கட்டிக் கொடுத்தாள். சீட்டு எண், ஜன்னலோரம், பெண்கள் பக்கத்தில் பெண்கள் மட்டும்.

விபத்தில்லாக் கை. அந்தக் கையை ஆவுடைக்குத் தெரியும். வெள்ளிக் காப்பு போட்ட, நகத்தை ஒட்ட வெட்டின, விபூதி வாசனை அடிக்கிற சுத்தமான கை. பஸ்ஸில் ஏறும்போது ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தாள். சாளைமீன் குழம்பு. ஷிஃப்ட் முடிந்து வந்தவன் குளித்து, துண்டைக் காயப்போட்டு, சாப்பிட உட்கார்ந்து, ஒரு வாய் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்தான். எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினான். ஏன் கூட்டுகிறான் என்று இவளுக்குப் புரியவில்லை, அக்காளுக்குப் புரிந்தது. அக்காள் சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, இவளைப் பார்த்து, நீ மாடிக்குப் போட்டி என்றாள். போவதற்குள் ஆரம்பித்துவிட்டான். கத்தவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை, வேலை பார்க்கிற மாதிரி பார்த்தான். முடியைப் பிடித்து, தலையைத் திருப்பி, கன்னத்தைத் தன் கைக்கு வாகாக வைத்துக்கொண்டு அடித்தான். டிவியில் ஏதோ சலவைத்தூள் விளம்பரம். குழந்தைகள் சேற்றில் குதித்துச் சிரிக்கின்றன. ஆவுடை நடுவில் போய் விழுந்தாள், அவளை ஒரு கையால் தள்ளி ஓரமாக வைத்தான், வழியில் கிடக்கிற ஸ்டூலை நகர்த்துகிற மாதிரி. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து ஜாக்கி ராடை எடுத்தான். எலும்பு முறிகிற சத்தம் பெரிதாக இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இல்லை. முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம். அக்காள் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை, வாயில் வந்ததைக் கையில் பிடித்துப் பார்த்தாள், பல். அடுத்த வீட்டுக்காரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். புருஷன் பொண்டாட்டி விவகாரமாம். நாசமாய்ப் போக. அவன் ராடைத் துடைத்து வைத்துவிட்டு, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, அதே தட்டில் உட்கார்ந்து மிச்சக் குழம்பைச் சாப்பிட்டான். நன்றாக இல்லாத குழம்பை அவ்வளவு ருசித்து ஒருத்தன் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. அந்த ராடு அன்றைக்கு அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குனிந்து சாப்பிடுகிற அவன் பின்மண்டையும் இருந்தது. எடுத்திருக்கலாம். இன்றைக்கும் பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, கோடு அடிக்கும்போது அந்த ராடை அவள் எடுக்கிறாள், அடிக்கிறாள், மண்டை பிளக்கிறது, ரத்தம் குழம்பில் கலக்கிறது, அவள் கை வலிக்கும்வரை அடிக்கிறாள். பிறகு யாராவது டிக்கெட் கேட்பார்கள்.

திரையில் வரிகள் ஏறிக்கொண்டிருந்தன. தேவையான உதிரி நிரல்களை இறக்குகிறது, இறக்கியாயிற்று. பழைய சரக்கைத் துடைக்கிறது, துடைத்தாயிற்று. பக்கங்களைக் கட்டுகிறது. ஆவுடை தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்கவில்லை, மூடினாள். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்கிறார்கள். மிக்சி ரிப்பேர், குக்கர் ரிப்பேர் என்று மைக் கட்டின சைக்கிள் போகிறது. சார் மாடிப்படி வாசலில் நின்று தென்காசியோடு போனில், இன்னா வந்துரும், இன்னா வந்துரும் என்கிறார். படங்களைச் சுருக்குகிறது என்று ஒரு வரி வந்தது. படங்களின் பெயர் ஒவ்வொன்றாக வரும், எப்போதும் வருவதுதான், யார் அதைப் படிக்கப்போகிறார்கள். முத்திரை. பஸ் முன்பக்கம். பஸ் உள்பக்கம். இருக்கை. அக்கா சிரிப்பு. அடுத்தது குற்றாலம் அருவி. அடுத்தது ஷெட். அவள் கண் ஷெட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. அக்கா சிரிப்பு. ஆங்கில எழுத்தில், இடையில் ஒரு சின்னக் கோடு போட்டு, அவளே வைத்த பெயர். காது அடைத்துக்கொண்டது. இருமல் மருந்துக்காரரின் வாய் மட்டும் கீழே அசைகிற மாதிரி, சத்தமே இல்லை. இல்லை, அது போயிருக்காது, அதை எடுத்தாச்சு, ஜெரால்டு நேற்றே மாடல் பெண்ணின் படத்தைப் போட்டுவிட்டான். போட்டான்தானே? போட்டான். அப்புறம் இன்றைக்குக் காலையில் இயந்திரம் கேட்டதே, இவளுடையதா அவனுடையதா என்று. அய்யம்பெருமாள் என்று சார் சொல்லிக்கொண்டிருந்தபோது. எதையோ அமுக்கினாளே. எதை? என்னுடையதை வை.

என்னுடையதை வை. கை பழக்கத்தில் போய் அமுக்கியிருக்கிறது மூதி. முகப்பில் பெரிதாக ஒரு படம் வரவேண்டும், ஜன்னலோரத்தில் ஒரு பெண் சிரித்தபடி. கம்பெனிப் படம் வந்து சேர நாளாகும் என்றார்கள். அதுவரை வெறும் சாம்பல் கட்டமாக விடவேண்டியதுதானே? எல்லாரும் அப்படித்தான் விடுவார்கள், இல்லை நாய்க்குட்டி பூனைக்குட்டி என்று ஏதாவது வைப்பார்கள். அவள் கணினியில் மட்டும்தானே, யார் பார்க்கப்போகிறார்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று அக்காள் படத்தை வைத்தாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்! இந்தத் தொழிலில் எத்தனை பேர் குடி முழுகினது இந்த ஒரு வார்த்தையில்தான். தாடை ஆறினதும் ஆறாததுமாக அக்காளைக் கூட்டிக்கொண்டு வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறி ஓசூரில் போய் இறங்கின காலையில் எடுத்தது அது. ஆவுடை முதலில் இறங்கி, ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி, எக்கா இங்க பாரேன் என்று போனைத் தூக்கினாள். அக்காள் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தாள். கன்னம் ஒரு பக்கம் உள்வாங்கி, பல் இருந்த இடம் கறுப்பாகத் தெரிய, தலை கலைந்து, ஆனால் சிரிப்பு. கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பு ஆவுடை பார்த்ததில்லை. பஸ்ஸின் நெற்றியில் ஓசூர். பின்னால் நிற்கிற வேனில் ரோஜாப்பூக் கம்பெனியின் பெயர், கொட்டை எழுத்தில். அந்தக் கம்பெனியில்தான் இப்போது அக்காள் பூப் பிரிக்கிற வேலை. முள்ளைக் கிள்ளி, தண்டை ஒரே நீளத்துக்கு வெட்டி, கட்டுக் கட்டி. வெள்ளிக்கிழமை லீவு, இந்நேரம் அறையில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். அந்தப் படத்தை முகப்பில் வைத்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் பக்கத்தைத் திறந்ததும் அக்காள் சிரித்தாள். அதற்காகத்தான் வைத்தாள், வேறு காரணம் ஒன்றும் கிடையாது. இனி அந்த முகம் பந்தலில் கட்டின பெரிய திரையில் ஒரு ஆள் உயரத்துக்கு விரியும். அதை விரிய வைக்கிற பட்டனை அவன் அமுக்குவான். அவனே அமுக்குவான். கைதட்டுவார்கள்.

இரு, இரு, பதறாதே, திருத்து. விரல்கள் தடுக்கின. ஜெரால்டின் படத்தை எடுத்து அதே இடத்தில் வைத்தாள், அக்காளை அழித்தாள், அழிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள், மறுபடியும் மெயினுக்குத் தள்ளினாள். போயிற்று. ஆனால் அங்கே போய் வரிசையில் நின்றது. சார் வாங்கியிருப்பது இருப்பதிலேயே சல்லிசான திட்டம், ஒரு நேரத்தில் ஒரு பில்ட்தான், ஒரு கட்டுமானம்தான் ஓடும். முதல் வண்டி கிளம்பிப் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது வண்டி ஷெட்டை விட்டு நகரும். ஆக, இது எவ்வளவு நேரம் எடுத்ததோ அவ்வளவு நேரம் அக்காள் முகம் லைவில் நிற்கும், சரியாக அந்த நேரத்தில்தான் அங்கே பட்டன் அமுக்கப் போகிறார்கள். நிறுத்து என்று ஒரு பட்டன் உண்டு. அது சார் லாகினில்தான் தெரியும், இவளுக்குப் பார்க்க மட்டும்தான் உரிமை. பார்க்க மட்டும். அன்றைக்கும் அதுதான். திரையை எடுத்துச் சுவரில் அடிக்கலாமா? அடித்தால் திரை உடையும். நெட் பெட்டியைப் பிடுங்கி மிதிக்கலாமா? மிதித்தால் இந்த ஆபீசில் நெட் போகும். ஓடுவது இங்கே இல்லையே. இந்தக் கட்டிடத்தையே கொளுத்தினாலும் அது எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஒரு கோபமும் இல்லாமல், அவனை மாதிரியே, வேலை பார்க்கிற மாதிரி. இடிக்கக் கிடைக்காத இடத்தில் இருக்கிறவனை என்ன செய்ய? அவள் கை மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்தது, நகத்துக்குள் பிளைவுட் சிலாம்பு ஏறினது பிறகுதான் தெரிந்தது. அவன் ஓசூர் போவான். ஆறு ஊர் மாறி டூட்டி பார்க்கிறவனுக்கு ஓசூர் என்ன தூரம். ரோஜாப்பூக் கம்பெனி எங்கே இருக்கு என்று ஆட்டோக்காரனிடம் கேட்பான், பதவிசாகக் கேட்பான், தம்பி என்பான். பொன்னாடை போர்த்தின கை. அறைக் கதவைத் தட்டுவான். உள்ளே போனதும் ஏதாவது சத்தம் இருக்கிறதா என்று பார்ப்பான், டிவி இல்லையென்றால் குழாயைத் திறந்துவிடுவான்.

எழுந்து வாசலுக்குப் போனாள். சார் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார், தென்காசிப் பந்தலின் நாதஸ்வரம் அதில் கரகரத்தது, நடுவில் முதலாளி குரல், நல்ல நேரம் போயிரப் போவுதுய்யா, மேடையில ஆளு ரெடியா நிக்காரு. சார், ஒரு நிமிஷம் நிறுத்தணும், என்றாள். என்னது? பில்டை நிறுத்தணும் சார், உங்க லாகின்ல போயி. எதுக்கு, எர்ரரா? எர்ரர் இல்ல. பின்னே? பின்னே என்ன சொல்வது? படம் மாறிப் போயிட்டு சார் என்றாள். அவர் முகம் தெளிந்துவிட்டது. அட படந்தானே, அது கெடக்கு, பொறவு மாத்திக்கிடலாம் என்றார். அவருக்கும் அதே வார்த்தை! இல்ல சார், அந்தப் படத்துல இருக்கிறது, என்று ஆரம்பித்தாள். என் அக்காள் என்று சொல்லப் போனவள் அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள். ஸ்பீக்கர் போட்டிருக்கிறது. அவள் சொன்னால் பந்தலில் கேட்கும். அணைக்கச் சொல்லி, இவரிடம் விளக்கி, இவர் ஐயய்யோ என்று வியந்து, அதை முதலாளியிடம் பாவமே என்று சொல்லி... அதற்குள் மேஜை மேல் கணினி டிங் என்றது. பச்சை. முடிந்தது. லைவ். சார் கண் இரண்டும் விரிய, தன் இன்னொரு போனில் தளத்தைத் திறந்து பார்த்தார். வந்துட்டுய்யா, வந்துட்டு, என்ன லட்சணமா இருக்கு பாத்தேளா என்று அந்தப் போனிலேயே கட்டைவிரலால் எதையோ தடவிக்கொண்டு, இந்தப் போனில் முதலாளியிடம், பூசணிக்காய் சுத்திட்டு ஒரு குரல் குடுக்கேன், ஒடைக்கிற சத்தம் கேட்டதும் உங்க ஆள அமுக்கச் சொல்லுங்க என்றார்.

ஒடைக்கிற சத்தம் கேட்டதும். அது ஒன்றுதான் அவள் காதில் விழுந்தது. காய் கை தவறி உடைந்தால் ஆகாது, சூடம் காட்டிச் சுற்றாமல் உடைந்தால் ஆகாது, வீட்டுக்குள்ளே உடைந்தால் ஆகவே ஆகாது. போன தீபாவளிக்கு முன்னால் பல் ஆஸ்பத்திரித் தளத்துக்கு வாங்கின காய் படியில் உருண்டு விரிசல் விட்டதற்கே ஒரு வாரம் தள்ளிப் போட்டவர் இவர். இவர் இப்படி என்றால் பஞ்சாங்கம் பார்க்காமல் டயர்கூட மாற்றாத முதலாளி எப்படி இருப்பார்? அவள் திரும்பி வந்தாள், மேஜை ஓரத்தில் இருந்த காயை இரண்டு கையாலும் தூக்கினாள். கனம். சாம்பல் உள்ளங்கையில் வழுக்கியது. குளிர்ந்திருந்தது. மூடியைச் சுற்றிக் குங்குமம் கசிந்து பின்மண்டை மாதிரியே இருந்தது, குனிந்து சாப்பிடுகிறவனின் பின்மண்டை. சார் ஏ பிள்ள, ஏ பிள்ள என்றார். அவள் தலைக்கு மேல் தூக்கி, ஆபீஸ் நடுவில், டைல்ஸ் தரையில், தன் உடம்பில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்து அடித்தாள். சத்தம் பெரிதாகவே வந்தது. வெள்ளைச் சதை தெறித்தது, குங்குமம் சுவரெல்லாம் ஏறியது, கீபோர்டில், சாரின் வெள்ளை வேட்டியில், மகாலட்சுமி காலண்டரில். ஒரு பாதி உடையாமல் கிடந்தது. அதை எடுத்து மறுபடி அடித்தாள். அதில் பெரிய துண்டு ஒன்று மிஞ்சியது, அதை மிதித்தாள். மிதித்தாள். குழைந்து பாதத்தின் விரலிடுக்கில் வந்தது, அப்போதும் மிதித்தாள். எவ்வளவு நேரமென்று அவளுக்குத் தெரியாது. தன் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது, வேலை பார்க்கிற மாதிரி, அது தெரிந்ததும் பயமாக இருந்தது, நிறுத்தினாள்.

"உனக்கென்ன கோட்டி புடிச்சிருக்காம்மா?" என்றார் சார். அடிக்குரலில்தான் கேட்டார், பேய் கண்டவரைப் போல் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். ஸ்பீக்கரில் முதலாளி, ஒடைச்சாச்சா, அமுக்கச் சொல்லட்டா என்றார். ஐயோ வேண்டாம் முதலாளி, அமுக்க விட்ராதீங்க என்று சார் அலறினார். காய் ஆபீசுக்குள்ளயே ஒடஞ்சிட்டு, சூடம் காட்டல, சுத்தல, பெரிய அபசகுனமாப் போச்சு. அங்கே நாதஸ்வரம் நின்றது. பெரிய மூச்சு ஒன்று கேட்டது. பிறகு முதலாளி, சரி, ராகு காலம் கழியட்டும், பன்னிரண்டு மணிக்கு மேல வேற காய் வாங்கிப் பாப்போம், எல்லாரையும் டிபன் சாப்பிடச் சொல்லு என்று யாரிடமோ சொல்வது கேட்டது. ஆவுடை நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் விரல்களுக்கு நடுவே பூசணி விதை ஒட்டியிருந்தது. திரையில் இரண்டாவது பில்ட் ஏறிக்கொண்டிருந்தது, உதிரி நிரல்கள், பழைய சரக்கு, பக்கங்கள், படங்கள். முத்திரை. பஸ் முன்பக்கம். பஸ் உள்பக்கம். இருக்கை. மாடல் ஒன்று. குற்றாலம் அருவி. அவள் ஒவ்வொரு பெயரையும் உதடு அசையப் படித்தாள். டிங். பச்சை. தளத்தைத் திறந்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண், வரிசைப் பல்லோடு, எந்த ஊரும் இல்லாத ஜன்னலில் சாய்ந்து சிரித்தாள். அவ்வளவுதான். இவ்வளவுக்கும் அவ்வளவுதான். சார் துடைப்பம் தேடிக்கொண்டு போனார், இன்றோடு தன் வேலை போச்சு என்று நினைத்தாள், போகட்டும் என்றும் நினைத்தாள், ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. சிலாம்பு ஏறின விரலை வாயில் வைத்துக்கொண்டாள், குங்குமமும் ரத்தமுமாக ஒரு ருசி.

சார் நல்ல மனுஷன். திட்ட ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டார். இவள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, மேலுக்கு முடியலையாம்மா, வீட்டுக்குப் போறியா என்று கேட்டார். தரையைக் கூட்டிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எதுக்கு இந்தப் படத்த மாத்தின? மொதல்ல இருந்த பிள்ளதான் நல்லாருந்திச்சு, நம்ம ஊர்க்காரப் பிள்ள மாரி" என்றார். அவள் திரும்பினாள். சார் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "வந்த ஒடனே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து நித்யமல்லி ஸ்டாஃப் குரூப்புல போட்டேன். எல்லாரும் சூப்பர் சூப்பர்ங்காங்க. அந்த விபத்தில்லா ஓட்டுநரு இருக்காருல்லா, அவரு மட்டும் எனக்குத் தனியா போட்டிருந்தாரு, இது எந்த ஊர்ல எடுத்ததுன்னு. பஸ் நெத்தியில ஓசூர்னு போட்டிருக்கே அண்ணாச்சின்னு சொன்னேன். தேங்க்ஸ்னு போட்டிருக்காரு. நல்ல மரியாதையான மனுஷன்." அவர் கையில் போன் இருந்தது. தேங்க்ஸுக்குப் பக்கத்தில் கும்பிடுகிற இரண்டு கை. ஆவுடை அதைப் பார்த்தாள், சுத்தமான கை. கத்தவில்லை. உடைப்பதற்கு ஆபீசில் இனி ஒன்றும் மிச்சமில்லை. தன் போனை எடுத்தாள், அதன் கண்ணாடி அவள் விரலை அடையாளம் தெரியாமல் திகைத்தது, குங்குமத்தைப் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்காள் எடுத்தபோது பின்னால் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எக்கா, குழாய மூடு என்றாள் ஆவுடை முதலில். ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அக்காள் மூடினாள். பிறகு ஆவுடை சொன்னாள், எல்லாவற்றையும், சார் பக்கத்தில் துடைப்பத்தோடு நிற்கிறார் என்ற நினைப்பே இல்லாமல், என்னாலதான்க்கா, படத்த நான்தான் வெச்சேன், அவன் பாத்துட்டான், ஊரு தெரிஞ்சிட்டு, கம்பெனி பேரும் தெரியும், நான் இப்பமே பஸ் ஏறுதேன், நீ கெளம்பி எங்கனயாவது போயி நில்லு. சாரின் கையிலிருந்த துடைப்பம் அப்படியே நின்றது. அக்காள் அழுவாள் என்று காத்திருந்தாள், திட்டுவாள் என்று காத்திருந்தாள்.

"எந்தப் படம்?" என்றாள் அக்காள். "பஸ் ஜன்னல்ல எடுத்தியே, அதா?"

"ஆமாக்கா."

"அதுல நான் சிரிச்சிருக்கேனாட்டி?"

"சிரிச்சிருக்க."

"அப்பம் பாக்கட்டும்" என்றாள் அக்காள். "நல்லா பாக்கட்டும், மூதேவி." குரல் நடுங்கவில்லை. நடுங்காத அந்தக் குரலைக் கேட்டபடி ஆவுடை செருப்பைத் தேடினாள். போனை அணைக்க அக்காள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. ஈரக் கால் தரையில் வேகமாக நடக்கிற சத்தம் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. மேல் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது, பிறகு கீழ்த் தாழ்ப்பாள், பிறகு கட்டிலைக் கதவோரமாக இழுக்கிற சத்தம்.